தரகர் குடியிருந்த காலி வீடுகள்

ஊரில் பாதிப் பேருக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுத்த தரகருக்குத் தலைசாய்க்கச் சொந்தமாக ஒரு மூலை கிடையாது. ஆனால் சாவிக்குப் பஞ்சமில்லை. எந்த வீடு காலியோ அங்கே பாயை விரிப்பார். ஆள் குடிவந்ததும் சுருட்டுவார். தொழிலில் கெட்டிக்காரர் என்பதால் அடிக்கடி சுருட்ட வேண்டியிருந்தது.

வெட்கத்தை விட்டு ஒருமுறை வீடற்றோர் விடுதிக்கும் போய்ப் பார்த்தார். அங்கிருந்த அதிகாரி அவருடைய இஸ்திரி போட்ட சட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"தெருவுல படுக்கிறவங்களுக்குத்தான் இங்க இடம். உங்களுக்குத்தான் மேல கூரை இருக்கே?"

முதலில் தெருவுக்கு வந்து தகுதி பெற்றுக்கொண்டு வா என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. தரகரின் மனைவி அவளுடைய அண்ணன் வீட்டு ஹாலில், ஃப்ரிட்ஜுக்கும் சோபாவுக்கும் நடுவில் படுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கூரை இருந்தது. ஆக, அரசாங்கத்தைப் பொறுத்தவரை புருஷன் பெண்டாட்டி இருவரும் சௌக்கியம்.

கடைசியாக ஒரு மாடி வீடு அமைந்தது. ஒரே அறை, நல்ல காற்று. இதை மட்டும் கைவிடக்கூடாது, முன்பணம் சேர்ந்ததும் மனைவியைக் கூட்டிவந்துவிட வேண்டும் என்று தரகர் முடிவு கட்டி, அவளிடமும் சொல்லி வைத்தார். வீடு பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதன் மானத்தை வாங்கினார். தண்ணீர் வராது, கூரை ஒழுகும், கீழ்வீட்டுக்காரர் பெரிய சண்டைக்காரர் என்றார். கீழ்வீட்டுக்காரர், பாவம், வாயில்லாப் பூச்சி. வந்தவர்கள் ஓட்டம் பிடித்தார்கள்.

பிறகு ஒரு பெண் வந்தாள், இரண்டு குழந்தைகளும் ஒரு துணிப்பையுமாக. தரகர் வழக்கமான பாட்டைப் பாடினார்.

"பரவால்லண்ணே."

"மழை பெஞ்சா உள்ளயும் பெய்யும்மா!"

"பக்கெட் வெச்சுக்கறேன். கதவை உள்ள தாழ் போட்டா நிக்குமா? என் புருஷன் காலாலயே உதைப்பாரு."

"அப்போ உனக்கு வீடு இருக்கா?"

"இருக்குண்ணே. உசிரோட இருக்கத்தான் முடியாது."

தரகர், புளுகியதை எப்படித் திரும்பப் பெறுவது என்று தெரியாமல் அசடு வழிந்தார். "ஒழுகாதும்மா, சும்மா சொன்னேன்" என்று சாவியை நீட்டினார். பாயைச் சுருட்டும்போது அழுகை வந்தது. தன் மேலேயே எரிச்சலும் வந்தது.

தெருவில் இறங்கி மனைவிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். பாராட்டு கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை, கிடைக்கவும் இல்லை.

"உங்கள நம்பிப் பெட்டியெல்லாம் கட்டி வெச்சேனே! புத்தி இருக்கா உங்களுக்கு?"

அவர் வாங்கிக் கட்டிக்கொண்டார். திட்டி ஓய்ந்ததும் அவள் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு கதவைத் தாழ் போட்டுக்கிட்டாளா?"

"போட்டுக்கிட்டா. சத்தம் கேட்டுச்சு."

"சரி, அங்கயே நில்லுங்க. பெட்டியோட வர்றேன்."

"எங்கடி வருவே? வீடுதான் இல்லையே!"

"இங்க மட்டும் எனக்கு இருக்கா?"