பேசும் பெட்டிக்குப் பின்னால் இருந்த ஆள்

சண்முகத்துக்கு அந்தப் பெட்டியைப் பார்த்தாலே குமட்டும். ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, தேங்காய் உடைத்தார்களே, அன்றைக்கு அவன் பொரிகடலையைக்கூடக் கையால் தொடவில்லை.

போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் இருந்த தமிழர் உதவி மன்றத்தில் முன்பு விசாரணை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் அவன். எழுபதுகளின் கடைசி அது. கப்பல் எப்போது வரும், ரேஷன் கார்டுக்கு எந்த ஆபீஸ், என்று மற்ற தீவுகளிலிருந்து வருகிற தமிழர்கள் அவனிடம்தான் கேட்பார்கள். ஒரு கேள்வி கேட்டால் அவன் பத்துக் கேள்வி திருப்பிக் கேட்பான். எந்த ஊர், யாருக்கு உடம்புக்கு முடியவில்லை, கூட யார் வந்திருக்கிறார்கள் என்று குடைவான். ராமநாதபுரத்து வாய், திட்டவும் செய்யும். ஆனால் திட்டு வாங்கியவர்கள் போக வேண்டிய இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தார்கள்.

மன்றத் தலைவர் ஜம்புலிங்கம் மரக் கான்ட்ராக்டர். அவருக்கு இந்தச் சந்தைக்கடைச் சத்தம் பிடிக்கவில்லை. மீரான் கடையில் ஒரு கேசட் ரெக்கார்டர் வாங்கி, படாக் மரத்தில் பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி செய்து அதற்குள் வைத்தார். அவருடைய மருமகள் சந்திரமதி தேன் வழிகிற குரலில் பதில்களைத் தனித்தனிக் கேசட்டாகப் பேசிக் கொடுத்தாள். வருகிறவர் பெட்டியைப் பார்த்துக் கேட்க வேண்டும். திரைக்குப் பின்னால் சண்முகம் உட்கார்ந்து பொருத்தமான கேசட்டைப் போட வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது, இருமக்கூடக் கூடாது. பெட்டி தானாகவே புரிந்துகொண்டு பதில் சொல்கிறது என்று ஊர் நம்ப வேண்டுமாம். இதுதான் தலைவரின் விஞ்ஞானம்.

ஜனங்களின் கேள்வி கேசட்டுக்குள் அடங்குமா? ஆரம்பத்தில் சந்திரமதி புதிது புதிதாகப் பேசிக் கொடுத்தாள். பிறகு அலுத்துப்போய், எதிலும் அடங்காத கேள்விக்கென்று ஒரே ஒரு கேசட் தயார் செய்தாள். “உங்கள் விஷயம் எங்கள் கவனத்தில் இருக்கிறது. அடுத்த கப்பல் வந்ததும் எல்லாம் சரியாகும்.”

அந்தமானில் இதை யாரால் மறுக்க முடியும்? உருளைக்கிழங்கு, கடிதாசி, கல்யாணப் பெண் எல்லாமே அடுத்த கப்பலில்தான் வரும். அவரவர் அதில் தங்களுக்கு வேண்டிய அர்த்தத்தை எடுத்துக்கொண்டார்கள். சௌல்தாரி கிராமத்துக்காரர் ஒருவர் காணாமல் போன மாட்டைப் பற்றிக் கேட்டார். மாடு தானாகத் திரும்பி வந்தது, பெட்டிக்கு ஒரு வாழைத்தார் வந்தது. சண்முகத்துக்கு வந்த எரிச்சலில் தாரைத் தூக்கித் தெருவில் எறியலாமா என்றிருந்தது. போதாக்குறைக்குக் கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில் தலைவர் போர்டு வேறு எழுதி வைத்தார்: தரகர்களை நம்பி ஏமாறாதீர், பெட்டியைக் கேளுங்கள்.

மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு பெரிய அதிகாரியைத் தலைவர் பெட்டி பார்க்க அழைத்து வந்திருந்த மதியம், தெற்கே இன்னொரு தீவிலிருக்கும் ஹட் பேயிலிருந்து மரகதம் என்ற பெண் வந்தாள். அவள் புருஷன் கோவிந்தராஜ் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக் கூலி. அவன் காலில் மரம் விழுந்து, கப்பலில் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மெட்ராஸுக்கே அனுப்பிவிட்டார்கள் என்று தோட்டத்தில் யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

“அக்கா, எம்புருசன் இங்கன இருக்காரா, மெயின்லேண்டுக்குப் போயிட்டாரா?” என்று, புருஷன் பேரையும் காலில் மரம் விழுந்ததையும் சொல்லி அவள் பெட்டியிடம் கேட்டாள்.

சண்முகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிற தமிழ் நோயாளிகளுக்கு மன்றத்துக் கஞ்சியைத் தினமும் கொண்டுபோகிறவன் அவன்தானே. கோவிந்தராஜ் மேட்டின் மேலே அந்த ஆஸ்பத்திரியில்தான் கிடந்தான். கால் அழுகிவிட்டது, நாளைக் காலையில் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் ஆள் தங்கமாட்டான் என்று டாக்டர் சொல்லியாயிற்று. பெண்டாட்டியைப் பார்க்காமல் கத்தி வைக்க விடமாட்டேன் என்று அவன் கட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மரகதம் மறுபடியும் கேட்டாள். மூன்றாவது முறை கேட்கும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தலைவர் திரைப் பக்கம் தொண்டையைச் செருமினார். சண்முகத்தின் வேலை, வாடகை அறை, ஊரில் இருக்கிற பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் அந்தச் செருமலில் இருந்தன. அவன் அந்த ‘அடுத்த கப்பல்’ கேசட்டைப் போட்டான். தேன் வழிந்தது.

மெட்ராஸிலிருந்து அடுத்த கப்பலில் புருஷன் வந்துவிடுவான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பெட்டியைக் கும்பிட்டாள். பக்கத்து வீட்டில் விட்டுவந்த குழந்தைகளிடம் போக வேண்டும், ஹட் பே கப்பல் கிளம்பப் போகிறது என்று ஓடினாள். “என்னமா புரிஞ்சுக்குது!” என்று அதிகாரி வியந்தார். தலைவர் வெட்கப்படுகிற மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்ட சண்முகம் திரையை விலக்கி எல்லார் முன்னாலும் வெளியே வந்து, செருப்பைக்கூடப் போடாமல் ஜெட்டிக்கு ஓடினான்.

மரகதம் கப்பலேறும் பலகையில் கால் வைத்திருந்தாள். “ஜல்தி சலோ” என்று கப்பல் கலாசி விரட்டிக்கொண்டிருந்தான். உன் புருஷன் இங்கேதான் இருக்கிறான், இறங்கு என்று சண்முகம் கத்தினான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மூச்சிரைக்க வெறுங்காலோடு வந்து நிற்கிறவனைத் தரகன் என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பாள்?

“பெட்டி அப்படிச் சொல்லலையே.”

பேரைச் சொன்னான், காலைச் சொன்னான். அதெல்லாம் மன்றத்தில் பத்துப் பேர் கேட்கத் தான் சொன்னதுதானே என்று அவள் மசியவில்லை. சண்முகம் தலையில் அடித்துக்கொண்டான்.

“தாயி, கருப்பி குட்டி போட்டுச்சா, போட்டுச்சான்னு தெனம் எங்கிட்டக் கேக்குறாரு உம்புருசன். அந்த ஆட்டுக்கு ஒரு காது அறுந்து கெடக்காம்.”

அவள் இறங்கிவிட்டாள்.

மேட்டில் பாதி தூரம் ஓட்டமும் நடையுமாக ஏறியவள் சட்டென்று நின்றாள். இவ்வளவும் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். நான்தான் கஞ்சி கொண்டுபோகிறவன், மன்றத்தில் வேலை என்றான்.

“அப்ப நான் கேட்டப்ப நீ எங்கண்ணே இருந்த?”

பொய் சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை. பெட்டிக்குப் பின்னால் என்றான்.

“நான் அழுததக் கேட்டுக்கிட்டா உக்காந்திருந்த?”

ஆமாம் என்று அவன் தலையை ஆட்டினான். பெட்டியைப் பார்த்தால் தனக்கு வருகிற அதே குமட்டலை அவள் முகத்தில் பார்த்தான். எந்தக் கட்டடம், எந்த வார்டு என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அவன் கூட ஓரடி வைத்ததும், “நீ வராத” என்று சொல்லிவிட்டுத் தனியாக மேடேறிப் போனாள்.