ஒரு விரல் மேலே

“இருங்க, இன்னும் உக்காரல” என்கிறார். பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர் திகைத்து, நாற்காலியில் இன்னொரு முறை நன்றாக உட்கார்ந்துகொள்கிறார். “உங்களச் சொல்லல. இதச் சொன்னேன்” என்று கேமராவைக் காட்டுகிறார் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்து ஸ்டூடியோக்காரர்.

ட்ரைபாடின் உச்சியில் கேமராவைத் தாங்குகிற உருண்டை மூட்டுக்கு பால் ஹெட் என்று பெயர். வேண்டிய பக்கம் சாய்த்துக் குமிழை இறுக்கினால் வைத்தது வைத்தபடி நிற்க வேண்டும். அவருடையது நிற்காது. கையை எடுத்ததும், பேருந்தில் தூங்குகிறவர் தலைபோல மெல்லக் கவிழும். அதனால் எப்போதும் ஒரு விரல் அளவு மேலே பார்த்து வைப்பார். அது தானாக இறங்கி இடத்துக்கு வந்ததும் பொத்தானை அழுத்துவார். இந்தக் கணக்கு அவருக்குத் தப்பி நான் பார்த்ததில்லை.

மேல்மாடியில் குடியிருக்கிறவன் சும்மா இருப்பேனா? “புதுசா ஒண்ணு வாங்கக் கூடாதா?” என்று கேட்டுத் தொலைத்தேன். “தலைன்னா ஆடத்தான் சார் செய்யும். எனக்கே ஆடுது. உள்ள ஒரு துண்டு ரப்பர் வெச்சிருக்கேன், ஓடும்” என்றார். கஞ்சர் என்று நினைக்க வேண்டாம். விளக்கு, லென்ஸ் என்றால் தாராளம். பழகிய சாமானைக் கைவிடச் சொன்னால்தான் மனிதருக்கு உயிர் போகும். பல் போன சீப்பு, பிடி உடைந்த கோப்பை எல்லாம் இன்னும் பதவியில் இருக்கின்றன. “நல்லவேளை, அந்த வரிசையில என்னையும் மாத்தாம வெச்சிருக்கார்” என்பார் அவர் மனைவி.

இந்தப் பிடிவாதத்தால் கேமராவை விட்டு அவரால் நகர முடியாது. வீட்டு ஆல்பம் முழுக்க மகள் வளர்ந்துகொண்டே போகிறாள், அம்மா பக்கத்தில் நிற்கிறார். அப்பா ஒன்றிலும் இல்லை. செல்போனை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதெல்லாம் படமே இல்லையாம். வேறு யாரையும் பொத்தானைத் தொடவும் விடமாட்டார். ஒருமுறை நான் கை நீட்டியதற்கு, “உங்களுது எழுதற கை சார். அவசரப்படும்” என்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. புறப்படுகிற அன்று காலை, பெட்டிகள் வாசலில் இருக்க, புது பால் ஹெட் ஒன்றைக் கொண்டுவந்து அவளே ட்ரைபாடில் மாட்டினாள். “டைமர் போட்டுட்டு நீங்களும் வந்து நில்லுங்கப்பா. நீங்க இருக்கற படம் ஒண்ணு எனக்கு வேணும். வேற எதுவும் கேக்கல.”

அவர் கேமராவை ஏற்றினார். கை தன் பாட்டுக்கு ஒரு விரல் மேலே வைத்து இறுக்கியது. காத்திருந்தார்.

“இருங்க, இன்னும் உக்காரல.”

“அது உக்காராதுப்பா. அதுக்குத்தானே வாங்கினேன்!”

நம்பினால்தானே. டைமரைத் தட்டிவிட்டு ஓடிவந்து நின்றார். படத்தில் முக்கால்வாசி சுவர், அடியில் மூன்று தலைகள். “பெயின்ட் அடிச்சது நல்லா விழுந்திருக்கு” என்றார் மனைவி.

அடுத்த முறை சரியாகவே வைத்தார். சிவப்பு விளக்கு மினுங்கியது. கேமரா கவிழப்போகிறது என்று அவருக்கு எப்படித் தோன்றியதோ, பிடிக்கப் பாய்ந்துவிட்டார். படத்தில் அவருடைய சட்டைப் பொத்தான்கள் பெரிதாக விழுந்திருந்தன. குடும்பம் அதற்குப் பின்னால் மறைந்துபோயிருந்தது.

வாசலில் கார் வந்து ஹாரன் அடித்தது. “நேரமாச்சும்மா, கிளம்பு. அடுத்த தடவ வரப்போ எடுத்துக்கலாம்” என்றார்.

“அடுத்த தடவ எப்பப்பா?”

ஓரமாக நின்றிருந்த நான் இன்னும் கொஞ்சம் ஓரமாக நகர்ந்துகொண்டேன். அவர் திரும்பிப் போய் மறுபடி டைமரைத் தட்டிவிட்டு வந்து நின்றார். கால்கள் பரபரத்தன. மகள் அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். “அது விழாதுப்பா. அதப் பாக்காதீங்க, என்னப் பாருங்க.” சொல்லிவிட்டு அவள் முன்னால் திரும்பிக்கொண்டாள்.

மூவரும் போய்த் திரையைப் பார்த்தார்கள். அம்மாவும் மகளும் நேராகப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர் மட்டும் மகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஐம்பது பேர் நிற்கிற படத்தில் ஒருவர் முகம் திரும்பியிருந்தாலும் அத்தனை பேரையும் திரும்ப நிறுத்துகிற மனிதர் அவர். எத்தனையோ பெரிய அதிகாரிகள் அதற்காக அவரிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள். மகள் படத்தை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். வெளியே ஹாரன் மறுபடி ஒலித்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து லென்ஸ் மூடியை எடுத்து மாட்டினார்.