பகாசுரன் வயிற்றிலிருந்து என்னை எடுத்தவர்

வெள்ளிக்கிழமை காலை விழுப்புரத்தில் என் வீட்டு வாசலில் மூங்கில் பிளந்துகொண்டிருந்தேன். திண்டிவனம் பாசஞ்சரில் வந்து இறங்கிய பொன்னுரங்கத்தின் சின்ன மருமகன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான்.

"பெரியமாமா, மாமா பூட்டாருங்க. வெடிகாலையில. தண்ணி கேட்டாரு, குடுக்கறதுக்குள்ள பூட்டாரு."

கையிலிருந்த மூங்கில் பாதி பிளந்தபடியே நின்றது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகன் எழுதுகிறான். அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியது அதிகம் இல்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

பொன்னுரங்கம் அவர்கள் காகிதத்தால் அசுரன் செய்கிறவர். திரௌபதி அம்மன் திருவிழாக்களுக்கு இரண்டு ஆள், மூன்று ஆள் உயரத்தில் பகாசுரன் செய்து வண்டிமேல் உட்காரவைப்பார். நான் அவருக்கு மூங்கில் கூடு கட்டிக் கொடுத்தவன். பேர் கன்னியப்பன்.

எங்கள் முதல் சந்திப்பே அடிதடி. திண்டிவனம் கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீல் வீட்டில் பழைய பேப்பரை வெளியே எறிந்திருந்தார்கள். கூடை செய்து அதன்மேல் ஒட்ட எனக்கு வேண்டியிருந்தது. அவருக்கு அசுரனுக்கு வேண்டியிருந்தது. கட்டின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவர் பிடித்தார். என் வாயில் ஒரு குத்து விட்டார். நான் அவர் காதைக் கடித்தேன். தெருப்புழுதியில் புரண்டு, கடைசியில் இரண்டு பேரும் எழ முடியாமல் உட்கார்ந்தோம். அவர் இரத்தத்தைத் துப்பிவிட்டு என் கூடையைப் பார்த்தார்.

"இத்த நீயா மொடஞ்ச?"

"ஆமா. அதுக்கு இன்னா இப்ப?"

"உனக்கு மூங்கில் வளைக்க வருது. எனக்குக் காயிதம் ஒட்ட வருது. பல்ல ஒடைச்சிக்கினு கெடக்கறத வுட்டுட்டு வா, வேல பாக்கலாம்."

அன்றிலிருந்து சேர்ந்துதான் வேலை செய்தோம்.

அவர் காகிதத்தைக் கத்தரிக்க மாட்டார், கிழிப்பார். மூன்று நாள் ஊறவைத்து உரலில் இடித்து, புளியங்கொட்டைப் பசையில் பிசைந்து முகத்தை உருட்டுவார். உடம்புக்குக் கிழித்த தாளைப் பொரைமேல் பொரையாக, அடுக்கடுக்காக ஒட்டுவார். ஒரு பொரை காயாமல் அடுத்தது கிடையாது. வர்ணம் பூசுவதற்கு முன் தன் முஷ்டியால் ஓங்கிக் குத்திப் பார்ப்பார். உரலில் தட்டினதுபோல் சத்தம் வரவேண்டும்.

ஒரு வருஷம் காணை ஊர்த் திருவிழாவுக்குச் செய்த தலையில், அவசரம் என்று ஈரத்தின்மேலேயே நான் ஒரு பொரை ஒட்டிவிட்டேன். அவர் குத்தியதும் முஷ்டி கன்னத்துக்குள் போய்விட்டது. தலையை மிதித்துக் கூழாக்கினார். பிறகு கொதிக்கிற பசையிலிருந்து கரண்டியை எடுத்து என்மேல் வீசினார். அந்தத் தழும்பு இன்னும் என் கழுத்தில் இருக்கிறது. "ஈரத்து மேல ஒட்டனா அது அசுரன் இல்லடா, கரையான் புத்து" என்றார். மறுநாள் விளக்கெண்ணெய் வாங்கிவந்து அவரே என் கழுத்தில் தடவினார். கோபக்காரர். அதை மறைக்க நான் விரும்பவில்லை.

வளவனூருக்குப் பக்கத்து ஊரில் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதச் சொன்னேன்.

அந்த ஊர் வழக்கம் இது. காலையில் அசுரனுக்குக் கண் திறப்பார்கள். திறந்தபிறகு செய்தவன் அதன்மேல் கை ஓங்கக் கூடாது. முதுகில் ஒரு பொந்து வைத்திருப்போம். அதன் வழியாக நான் உள்ளே போவேன். பொந்தை ஒரே பொரைத் தாளால் மூடிவிடுவார். வண்டி ஊரைச் சுற்றும். நான் உள்ளிருந்து கயிற்றை இழுத்துத் தாடையை ஆட்டி, வாயில் பொருத்திய தகரக் குழலில் கத்துவேன். பிற்பகல் பீமன் வேஷக்காரர் கதாயுதத்தால் மூன்று அடி அடிப்பார். அதற்குள் நான் முதுகுத் தாளை உதைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குதித்துவிட வேண்டும். பிறகு ஊரே அசுரனை அடித்துப் பிய்க்கும். துண்டை நிலத்தில் புதைத்தால் பூச்சி வராது என்பார்கள்.

அது யுத்த காலம். கடையில் மல்லாட்டைக் கடலையைக்கூட வாழைச்சருகில் கட்டிக் கொடுத்தார்கள். பேப்பர் கிடைக்காமல், ரயில் பார்சல் சுற்றிவந்த பழுப்புத் தாளைத்தான் பிடித்தோம். அசுரன் முழுக்க அதுதான். பொந்துக்கும் அதுவேதான்.

"தடியா இருக்கேடா" என்றேன் உள்ளேயிருந்து.

"ஒரு பொரதானடா. ஒதச்சா பிச்சிக்கினு போவுது."

கண் திறந்தாகிவிட்டதால் அவர் குத்திப் பார்க்கவில்லை. சித்திரை வெயில் நாள் முழுக்க அந்தத் தாளைக் காயவைத்தது.

பீமனின் முதல் அடி விழுந்ததும் உதைத்தேன். பலகையை உதைத்ததுபோல் இருந்தது. இரண்டாவது அடி. மறுபடி உதைத்தேன். குதிகால்தான் வீங்கியது. மூன்றாவது அடியும் விழுந்தது. பீமன் கதையை வண்டிச் சக்கரத்தில் சாய்த்துவிட்டு நகர்ந்தார். கூட்டம் பாய்ந்தது.

ஓர் உலக்கை அசுரனின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வந்து என் விலாவில் இறங்கியது. திறந்திருந்த ஒரே வழி வாய்தான். அந்தக் குழலில் வாயை வைத்து, "அய்யோ, நான் கன்னியப்பன்! உள்ள இருக்கேன் சாமி!" என்று அலறினேன். வெளியே அது உறுமலாகத்தான் கேட்டது.

"அசுரன் இன்னா கத்து கத்துறான் பாரு மாமா!"

"வவுத்துலயே போடு! இன்னும் கத்தட்டும்!"

நான் கத்தக் கத்த அடி அதிகமானது. ஒரு கொடுவாள் தோளைச் சீவியது. தகரக் குழலில் என் இரத்தம் ஒழுகி அசுரனின் வாய் வழியாக வெளியே சொட்டியபோது ஜனங்கள் கைதட்டினார்கள்.

பொன்னுரங்கம் வண்டியைச் சுற்றி ஓடி ஓடிக் கத்தினாராம். "உள்ள ஆளு மாட்டிக்கினான், நிறுத்துங்க சாமி!" ஒரு பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இந்த வருசம் ஜோரா நடிக்கிறானுங்கடா" என்று சிரித்தாராம்.

அப்போது பொன்னுரங்கம் செய்ததை அந்த ஊரில் யாரும் செய்திருக்க மாட்டார்கள். சாய்த்துவைத்த கதையை எடுத்தார். நேராகப் போய்ப் பீமனின் முழங்காலில் ஓங்கி அடித்தார்.

காப்புக் கட்டி விரதம் இருக்கிறவரை அடித்தால் சாமியை அடித்ததுபோல். அதுவும் நாங்கள் சேரிக்காரர்கள். பீமன் அலறிக்கொண்டு விழுந்தார். மேளம் நின்றது. அத்தனை தடியும் அந்தரத்தில் நின்றன.

"உள்ள மனுசன் இருக்கான். மொதல்ல அவன எடுங்க. அப்புறம் என்ன அடிங்க" என்றார்.

இரண்டையும் ஒரே சமயத்தில் செய்தார்கள். எங்களைக் கையால் தொட மாட்டார்கள், தடியால் தொடுவார்கள். சிலர் அசுரனின் முதுகை வெட்டித் திறந்தார்கள். நான் மண்ணில் உருண்டு விழுந்தபோது பத்துப் பன்னிரண்டு பேர் நடுவில் அவர் தலைக்கு மேல் வலக்கையைத் தூக்கி மறைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கை ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

விழுப்புரம் தருமாஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் கிடந்தோம்.

"பீமனயாடா அடிச்ச? உன்னக் கொன்னு போட்டிருப்பாங்களே" என்று கேட்டேன்.

"கூட்டத்த யாருடா அடிக்க முடியும்? அவங்கல்லாம் அவரத்தான் பாத்துக்கினு இருந்தாங்க. அவர அடிச்சாத்தான் நிப்பாங்க." பிறகு, "அந்தத் தாளு என் தப்பு" என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது என்றால் அதுதான்.

கட்டுப் பிரித்தபோது வலக்கை மேலே தூக்கி மடங்கியபடியே நின்றுவிட்டது. பிறகு இடக்கையால் அசுரன் செய்தார். ஆனால் முதுகைத் திறந்தேதான் விட்டார். "உள்ள ஆளு இருக்கறது தெரியுதே" என்று ஊர்க்காரர்கள் முகம் சுளித்தால், "தெரியட்டும்னுதான் வுட்டுக்கீறன்" என்பார். அதனாலேயே பல ஊர் வேலை கைவிட்டுப் போய்விட்டது. அவர் அசையவில்லை.

சாவுச் சேதி வந்த அன்று மத்தியானமே திண்டிவனம் போய்ச் சேர்ந்தேன். பாடையில் கிடத்தியிருந்தார்கள். வலக்கை மட்டும் படியாமல், யாரையோ தடுப்பதுபோல் நெற்றிக்கு மேல் தூக்கியபடி நின்றது. கட்டுகிறவர் கயிற்றை வைத்துக்கொண்டு தவித்தார்.

"இது படியாதுபா. எலும்ப ஒடைச்சாத்தான் வழிக்கு வரும்."

"ஒரு தரம் ஒடைச்சது போதும். அப்பிடியே தூக்குங்க" என்றேன்.

அப்படியே தூக்கினார்கள். அந்தக் கைக்கும் இடம் வேண்டும் என்று குழியை ஒரு முழம் அகலப்படுத்தச் சொன்னேன். வெட்டுகிறவன் முணுமுணுத்துக்கொண்டே வெட்டினான். உள்ளே இறக்கினபோது கை எதிலும் இடிக்கவில்லை. முதல் பிடி மண்ணை நான் போட்டேன்.

போய் வாருங்கள், பொன்னுரங்கம்.