வெயில் படாத பெட்டி

அம்மா அந்தப் பெட்டியை இழுக்கும்போது சத்தத்துக்கு முன்னால் ஒரு வாடை வரும். பழைய தோலும் கற்பூரமும் கொஞ்சம் பூசணமும் கலந்த வாடை, ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அதுபோல. நான் மூக்கைச் சுளித்துக்கொண்டே அவள் முழங்காலை ஒட்டி உட்கார்ந்துகொள்வேன். அதற்குக் ‘கான்சர்ட்டினா’ என்று பெயர் என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். காவாந்தண்டலத்தில் எங்கள் சேரி முழுவதற்கும் அது ‘காத்துப்பொட்டி’.

ஆறு பட்டை வைத்த இரண்டு மரத்தட்டுகள், நடுவே விசிறி மடிப்பாகத் தோல், இரு பக்கமும் எலும்புப் பொத்தான்கள், அவ்வளவுதான் பெட்டி. ஆர்மோனியம் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கு ஒரு சுரம். இதில் ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டு இழுத்தால் ஒரு சுரம், அமுக்கினால் வேறு சுரம். அம்மாவின் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாட்டு பிடிபடாது. கைகள் விரிகின்றனவா கூடுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். எத்தனையோ சாயங்காலம் உற்றுப் பார்த்திருக்கிறேன், விரலைப் பார்த்தால் கை தப்பிவிடும், கையைப் பார்த்தால் விரல் தப்பிவிடும்.

அம்மா தாய் தகப்பன் இல்லாமல் மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவள். அங்கே தையல் சொல்லிக்கொடுத்த ‘தொரசானி’ ஒருத்தி, உடம்புக்கு முடியாமல் தன் நாட்டுக்குக் கப்பலேறியபோது, ‘எஸ்தர், நீ வச்சுக்கோ’ என்று இந்தப் பெட்டியை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாளாம். கல்யாணமாகி வந்தபோது ஒரு தகர டிரங்கும் இதுவும்தான் அவள் கொண்டுவந்த சீர். அப்பாவை நாங்கள் ‘நைனா’ என்போம். ஊர்த்தெருவில் பெரிய வீட்டுக்குப் படிநெல் கூலிக்குப் படியாளாக இருந்தவர். முதல் தடவை கேட்டபோது, “இன்னாடி இது, ஆட்டுக்குட்டி கத்துற மாரி கீது” என்று சிரித்தாராம். பிறகு அவருக்கே அது இல்லாமல் சோறு இறங்காது.

அவளைப் பாட்டுக்காரி என்று யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாள். பகலெல்லாம் சேற்றில் நின்று நாற்று நடுகிறவள், சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, போர்டிங்கில் கற்ற கீர்த்தனைகளை இரண்டு வாசித்துவிட்டு, அப்படியே அன்றைக்கு வயலில் பெண்கள் பாடிய நடவுப் பாட்டுக்குள் நழுவிவிடுவாள். பெரிய வீட்டின் இளைய மருமகளுக்கு இதில் கொள்ளை ஆசை. நடவுக்காரிகளுக்குக் கூழ் கொண்டுவரும் ஆளோடு தானும் வரப்புக்கு வந்து, பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, கொஞ்சம் தள்ளி நின்றபடி, “எஸ்தரு, அந்தப் பாட்ட இன்னொரு தபா வாசி” என்பாள். சின்னப் பெண், முகத்தில் இன்னும் பள்ளிக்கூடக் களை மாறாதவள்.

எல்லாவற்றையும்விட அம்மாவை அதிகம் கூப்பிட்டது சாவு வீடுகள்தான். சேரியில் வேதக்காரர் வீடானாலும் சாமி கும்பிடுகிற வீடானாலும், ஒப்பாரிக்குப் பெண்கள் கூடிவிட்டால், “எஸ்தரக் கூப்புடு” என்று ஆள் வந்துவிடும். அடுத்த குடிசை கன்னியம்மா மாரில் அடித்துக்கொண்டு பாட, அம்மா பின்னால் சுவரோரமாக உட்கார்ந்து, அவள் குரல் எங்கே போகிறதோ அங்கே பெட்டியைக் கொண்டுபோவாள். குரல் உடைந்து பாட்டு நின்றுபோகிற இடத்தில் பெட்டி விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் கூப்பிட்டார்கள்.

ஒரே ஒரு கட்டுப்பாடு மட்டும் இருந்தது. தீட்டெல்லாம் நமக்கு இல்லை என்று, மாதம் ஒருமுறை சைக்கிளில் வந்து மரத்தடியில் ஜெபம் செய்கிற பாதிரியார் சொல்லிவிட்டுப் போவார். அவர் சைக்கிள் ஏரிக்கரையைத் திரும்பும் வரைக்கும் எங்களுக்கும் இல்லைதான். சாவு வீட்டுக்குப் போய்வந்த மனுஷி தலைமுழுகிவிட்டு வீட்டுக்குள் வரலாம். பெட்டியை எப்படித் தலைமுழுக்காட்டுவது? ஆகவே அதை வாசல் பூவரச மரத்தில் தொங்கவிடுவார்கள். மறுநாள் வெயில் அதன்மேல் பட்ட பிறகுதான் உள்ளே எடுப்பார்கள். இதை யார் ஏற்படுத்தினார்களோ தெரியாது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் அதனால் ஒரு நஷ்டமும் வந்ததில்லை.

அந்த வருஷம் புரட்டாசிக் கடைசியில் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். பாதிரியார் வந்து ஞானஸ்நானம் கொடுத்தால்தான் பெயர் என்பதால், அதுவரைக்கும் ‘சின்னவன்’. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்ட சமயம் அவனுக்குச் சளி கட்டி, பால் குடிக்கும்போது மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அப்படி ஒருநாள் காலையில்தான் பெரிய வீட்டுக் காரியக்காரர் குடையோடு வந்து வாசலில் நின்றார். இளைய மருமகள் பிரசவத்தில் போய்விட்டாள், தாயும் பிள்ளையுமாக.

“எஸ்தரு, பொட்டிய எடுத்துகினு வா. அது ஆசைப்பட்டுக் கேக்கும்ல, கடேசியா ஒரு தபா வாசிக்கச் சொல்றாரு ஐயா.”

அம்மா மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள், பிறகு நைனாவைப் பார்த்தாள். கைக்குழந்தைக்காரி சாவு வீட்டுக்கே போகக்கூடாது, அதிலும் பிள்ளைப்பேற்றில் செத்தவள் வீட்டுக்கு நிழல்கூடப் போகக்கூடாது என்பார்கள். நைனா தலையைக் குனிந்துகொண்டு, “ஐயா வூட்ல கூப்புட்டா இன்னா பண்றது? போய்ட்டு வா” என்றார். படியாள் வேறென்ன சொல்வார்!

அம்மா போனாள். அவளை வைக்கோல் போருக்குப் பக்கத்தில், மழைக்கு ஒதுங்கின மாதிரி உட்காரவைத்தார்களாம். அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகும்வரை வாசித்தாளாம். ஏரியில் முழுகிவிட்டு, ஈரச் சேலையோடு, பெட்டியை மட்டும் கோணிக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தவளை நைனா வாசலிலேயே மறித்தார்.

“நீ வா. அது வேணாம்.”

“மழ பேயுதுய்யா. தோலு ஊறிடும்.”

“ஊறட்டும். பச்சப் புள்ள கீது உள்ள. பெத்து செத்தவ, அந்தப் பொட்டி மேல எவ்ளோ ஆச வச்சிருந்தா! பின்னாடியே வந்துடுவா. வெயிலு பட்டாதான் உள்ள வரணும்.”

“ஏசுவக் கும்புட்ற வூட்ல இன்னாய்யா இந்தப் பேச்சு?”

“ஏசுவக் கும்புட்டா மட்டும் அவ வுட்டுடுவாளா?”

போகச் சொன்னதும் அவர்தான், வரக்கூடாது என்றதும் அவர்தான். இன்றைக்கு நினைத்தாலும் அவர்மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அன்றைக்கு அம்மா கோணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு மரத்தடிக்குத் திரும்பினாள். உள்ளே குழந்தையின் மூச்சு கர்கர் என்று கேட்டுக்கொண்டிருந்தது, அவளுக்கும் பயம்தான். பெட்டியைப் பூவரசங்கிளையில் கட்டி, மேலே இன்னொரு கோணியைப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

மறுநாள் வெயில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. காற்றில் கோணிகள் விலகிப்போக, அம்மா தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு ஓடிப்போய் இழுத்துக் கட்டிவிட்டு வருவாள். அக்கம்பக்கத்தில் அதை யாரும் வாங்கி வைக்கவும் மாட்டார்கள், எல்லார் வீட்டிலும் பிள்ளைகள். வாசல்படியில் உட்கார்ந்து குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒருதரம் வானத்தையும் ஒருதரம் மரத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பாள். செய்யாற்றில் வெள்ளம் வந்து, வாலாஜாபாத் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக பஸ்ஸும் இல்லை. நைனா வெற்றிலையில் எண்ணெய் தடவி வாட்டி நெஞ்சில் ஒத்தடம் போட்டுக்கொண்டே இருந்தார். மழை விடாத ஒரு விடியற்காலையில் சின்னவனின் மூச்சுச் சத்தம் நின்றுபோயிற்று.

பெண்கள் வந்தார்கள். கன்னியம்மா குழந்தையைப் பார்த்ததும் அப்படியே சரிந்து உட்கார்ந்து பாட ஆரம்பித்தாள், இரண்டு அடிக்குமேல் போக முடியாமல் குரல் உடைந்தது. வழக்கமாகப் பெட்டி பிடித்துக்கொள்கிற இடம். எல்லாருக்கும் அது தெரிந்தது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மா சுவரில் சாய்ந்து, மடியில் குழந்தை கிடக்க, இரண்டு கைகளையும் அவன்மேல் வைத்திருந்தாள். அப்போது அவள் விரல்கள் அசைந்தன. வலக்கை ஆள்காட்டி விரல், பிறகு மோதிர விரல், பிறகு இடக்கையில் இரண்டு விரல் சேர்ந்து. குழந்தையைச் சுற்றியிருந்த துணியின் மேல் ஒவ்வொன்றாக, நிதானமாக அழுத்தினாள். கைகள் மட்டும் அசையவே இல்லை. கன்னியம்மாவும் அதைப் பார்த்துவிட்டாள், “ஐயோ எஸ்தரு” என்று அவள் காலைக் கட்டிக்கொண்டாள். அம்மா ஒரு பாட்டு முழுவதையும் வாசித்து முடிக்கிற அளவு நேரம், விரல்கள் நிற்கவில்லை.

குழந்தையைப் புதைத்த மறுநாள் பளீரென்று வெயில் அடித்தது, எதற்கென்று தெரியாமல். நைனா போய்ப் பெட்டியை அவிழ்த்தார். கோணியைப் பிரித்ததும் ஒரு பக்கத் தட்டு தனியாகக் கையோடு வந்துவிட்டது. தோல் மடிப்பெல்லாம் பசை விட்டு, ஊறிய அட்டை மாதிரி தொங்கியது. அதை அப்படியே வெயிலில் கொஞ்ச நேரம் ஏந்திக்கொண்டு நின்றவர், அம்மாவிடம் நீட்டினார்.

“வெயிலு பட்டாச்சி. உள்ள எடுத்துகினு போ.”

அம்மா வாங்கவில்லை. “உள்ள இன்னா கீது இனிமே?” என்றாள்.

நைனா அங்கேயே மண்ணில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவர்மேல் எனக்கிருக்கிற கோபம் அந்த இடத்தில் வந்ததும் முட்டிக்கொண்டு நின்றுவிடும், மேலே போகாது.

பிறகு பெட்டி பரணில் கிடந்து கறையான் தின்று முடிந்தது. அம்மா சாவு வீடுகளுக்குப் போகாமல் இருக்கவில்லை. வெறுங்கையோடு போய், அதே சுவரோரத்தில் உட்கார்ந்துவிட்டு வருவாள். நான் படித்து நர்ஸ் ஆகி, சின்னவன் மாதிரி மூச்சிழுக்கும் எத்தனையோ குழந்தைகளுக்கு ஊசி போட்டேன். எழுந்து பால் குடித்தன. அப்போதெல்லாம் அவனைப் பேய் அடிக்கவில்லை, அது நிமோனியா என்று யாரிடமாவது கத்த வேண்டும்போல் இருக்கும். யாரிடம் கத்துவது? நைனாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது காவாந்தண்டலத்தில் சாவு என்றால் குளிர்பெட்டி வருகிறது, மைக் செட் வருகிறது, உத்திரமேரூரிலிருந்து கீபோர்டோடு ஆட்கள் வருகிறார்கள். பூவரச மரம் இருந்த இடத்தில் குடிநீர்த் தொட்டி. அம்மா செத்தபோது கீபோர்டு பையன் வந்து, “அம்மாவுக்குப் புடிச்ச பாட்டு எதுனா இருந்தா சொல்லுங்க, வாசிக்கிறேன்” என்றான். எனக்கு ஒரே ஒரு பாட்டுத்தான் ஞாபகம் வந்தது. அது எனக்கு இன்றும் மனப்பாடம். வலக்கை ஆள்காட்டி விரல், பிறகு மோதிர விரல், பிறகு இடக்கையில் இரண்டு சேர்ந்து. பஸ்ஸில் போகும்போது கைப்பையின் மேல் என் விரல்கள் தாமாகவே அதை அழுத்திப் பார்க்கும். ஆனால் எந்த இடத்தில் இழுத்தாள், எந்த இடத்தில் அமுக்கினாள் என்று தெரியாதே. அவள் கைகள்தான் அசையவில்லையே.

“ஒண்ணும் இல்லப்பா, நீயே எதுனா வாசி” என்றேன்.