வெள்ளிக்கிழமை மீட்ட வீடு

ரப்பர் தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து அப்பா சேர்த்தது ராசா என்ற ஊரில் ஒரு பலகை வீடு. அதைவிட அக்கறையாகச் சேர்த்தது, அதன்மேல் செட்டியாரிடம் வாங்கிய கடன். ஜப்பான்காரன் காலத்தில் அவர் கண்ணை மூட, இரண்டுக்கும் நான் ஒருவனே வாரிசு. வீட்டுப் பட்டாவான கிராண்டு செட்டியாரின் இரும்புப் பெட்டியில் இருந்தது. கவலை என்னிடம் இருந்தது.

நான் வேலை பார்த்த கோலா சாவா தோட்டத்தில் பால்வெட்டு நின்றதும் அந்த வீட்டுக்கே குடிவந்து மரவள்ளி நட்டேன். விற்றதில் வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு சாக்கில் சேர்ந்தது. அரிசி வாங்க ஆகாத காகிதம், கடன் அடைக்கவாவது ஆகட்டும் என்று தூக்கிக்கொண்டு போனேன். முன்பெல்லாம் செட்டியாரைக் கண்டால் கடன்காரன் சந்துக்குள் ஒளிவான். இப்போது சாக்கோடு வரும் கடன்காரனைக் கண்டு செட்டியார் ஒளிந்தார். ஒருநாள் கோயிலுக்குப் போயிருந்தார், ஒருநாள் குளித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பக்தியும் சுத்தமும் உள்ள மனிதரை நான் கண்டதில்லை.

வெள்ளைக்காரன் திரும்பி வந்து இந்த நோட்டு செல்லாது என்றுவிட்டால் வட்டியோடு வீடும் போகும். தூக்கம் போயிற்று. மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்குச் சட்டம் ஏது? யாழ்ப்பாணத்து வக்கீல் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். கோர்ட்டில் வேலை இல்லாமல் அவரும் மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கோட்டு வேலியில் தொங்கியது.

"ஐயா, ஜப்பான்காரன்கிட்ட பிராது கொடுக்கலாமா?"

"குடுக்கலாம். செட்டியாருக்குக் கன்னத்தில ரெண்டு அறை, உமக்கு ரெண்டு அறை. அவங்கள் பாரபட்சம் பாக்கிறேல்லை."

"அப்போ சட்டம் என்னாதான் சொல்லுது?"

"சட்டத்தை விடும். வெள்ளிக்கிழமை காலமை, அவர் விளக்கேத்திப் பெட்டியடியில இருக்கேக்க போய்க் காசை முன்னால வையும். தேடி வந்த லட்சுமியை வேண்டாமெண்டு சொல்ல அவருக்கு வாய் வராது."

இதைச் சொல்லத்தான் லண்டன் வரை போய்ப் படித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை போனேன். ஊதுவத்திப் புகைக்குள் நெற்றி நிறைய விபூதியோடு செட்டியார். சாக்கை அவிழ்த்துக் கொட்டினேன். நோட்டைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், சாமி படத்தைப் பார்த்தார். படத்திலிருந்து யாரும் உதவிக்கு இறங்கவில்லை.

"நாளைக்கு வந்தா ஆகாதா, தம்பி?"

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க செட்டியாரே, அள்ளிக்கிட்டுப் போயிடறேன்லா."

"சிவசிவா! விளக்கு முன்னாடி என்ன பேச்சு இது!"

கணக்கைத் தீர்த்தெழுதிக் கையெழுத்திட்டு, சொந்தப் பல்லைப் பிடுங்கித் தருவதுபோல் கிராண்டைத் தந்தார்.

மிச்ச நோட்டோடு வக்கீலிடம் ஓடி நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் கிறிஸ்தவ வேதக்காரர், லட்சுமிக்குப் பயப்படவேண்டிய அவசியமில்லை.

"இந்தத் தாள் எனக்கு வேண்டாம். என்ர வீட்டை ஜப்பான் ஆபீசர் எடுத்துப்போட்டான். உம்மட முன்னறை சும்மாதானே கிடக்கு?"

மறுநாளே மனைவியோடும் சட்டப் புத்தக மூட்டைகளோடும் வந்து இறங்கினார்.

"எப்பங்க போவாங்க?" அடுப்படியில் என் மனைவி குசுகுசுத்தாள்.

"ஜப்பான்காரன் போனதும்."

"அவன் எப்ப போவான்?"

"வாயை மூடு புள்ள!"

ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து கிராண்டைப் பிரித்தேன். அதில் இன்னும் அப்பா பெயர்தான் இருந்தது. என் பெயருக்கு மாற்ற வக்கீல் வேண்டும். வக்கீல் முன்னறையில்தான் இருந்தார். ஆனால் அதற்குக் கூலியாகக் கொடுக்க எங்களிடம் மிச்சமிருந்தது அடுப்படி ஒன்றுதான்.