குறை சொல்லத் தெரியாத போன்

குணமணி தன் மீனை நல்ல மீன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நிலாவெளிக் கரையில் இருபத்திரண்டு வருடமாக மீன் வாங்கி விற்கிறாள். "நல்ல மீனோ அக்கா?" என்று யார் கேட்டாலும் வாயால் பதில் வராது. பெருவிரலால் செவுளைத் தூக்கிக் காட்டுவாள். பிறகு மீனின் கண்ணைக் கேட்டவர் பக்கம் திருப்பி வைப்பாள். பக்கத்தில் விற்பவர்கள் "இப்பத்தான் துடிச்சு அடங்கினது" என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணும்போது, இவள் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். புதிதாக வருகிறவர்கள் பெண்ணுக்குப் பேச்சு வராது போலிருக்கிறது என்று இரக்கப்பட்டதும் உண்டு. பழகியவர்கள் ஒன்றும் கேட்காமல் பையை நீட்டினார்கள்.

அவள் வெருகலில் பிறந்தவள். கரைவலை இழுக்கும் முத்தனைக் கட்டிக்கொண்டு நிலாவெளிக்கு வந்தாள். ஒரே மகள் கிருசாந்தினி. படித்து முடித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் போட்டபடி வீட்டில் இருக்கிறாள்.

விடிய வலை கரை ஏறியதும் பெரிய மீன்களைத் தெரிந்தெடுத்து வாங்கி, நிலாவெளி வீதியில் உள்ள ஒரு ஹோட்டலுக்குக் கொடுப்பது குணமணியின் முதல் வேலை. வலை வெறுமையாக வரும் நாளில், கொட்பே துறைமுகத்தில் பெரிய படகுகள் இறக்கும் ஐஸ் மீனையும் எடுப்பாள். மிச்சத்தை பிளாஸ்டிக் பேசினில் போட்டு, பஸ்ஸில் கொண்டுபோய் அன்புவழிபுரத்து வீடுகளில் விற்பது இரண்டாவது வேலை. இரண்டாவது வேலையில் வருவது பஸ் காசுக்கும் வெற்றிலைக்கும் போகும். வீடு நடந்தது ஹோட்டலால்தான்.

அந்த ஹோட்டலின் குசினியில் சமையல் முழுக்க, கிண்ணியாவைச் சேர்ந்த ஸஜ்ஜாத்தின் பொறுப்பில் இருந்தது. குணமணி மீனைப் பலகையில் வரிசையாக வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். அவர் கண்ணையும் செவுளையும் பார்த்து, இது வேண்டும், அது மங்கல், வேண்டாம் என்று சொல்வார். வேண்டியதை, குளிர் இறங்காத ரெஜிபோம் பெட்டியில் ஐஸோடு அடைத்து, ஓட்டோ ஓடும் நிசாந்திடம் கொடுத்துவிட்டு இவள் பஸ் ஏறிவிடுவாள். நிசாந் அவளுடைய நாத்தனார் மகன். மூன்று வருடமாக இதில் ஒரு பிசகும் இல்லை. குணமணி பேசவேண்டிய தேவை வராத வியாபாரம். அவளுக்கென்றே யாரோ கண்டுபிடித்தது போல இருந்தது.

ஒருநாள் அவளுடைய போன் ஐஸ் தண்ணீருக்குள் விழுந்தது. உயிர் தப்பிவிட்டது, கமராதான் போய்விட்டது. அதற்குப் பிறகு எடுத்த படங்களிலெல்லாம் மீன்கள் பனிமூட்டத்துக்குள் கிடந்தன.

"அக்கா, இது பாரையா, செருப்பா?" என்று ஸஜ்ஜாத் கேட்டார். "இப்பிடி அனுப்பினா நான் எதைப் பாத்து எடுக்கிற?"

நல்ல வேளையாக அந்த மாதம் சீட்டு குணமணிக்கு விழுந்தது. கிருசாந்தினி அதற்கு முன்பே ஒரு மாதமாகப் போன்களைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்து ஆயத்தமாக இருந்தாள்.

"வாங்கிறது எண்டால் அன்ட்ரொயிட்டிலயே பெரிசா வாங்கோணும் அம்மா. இருநூறு மெகாபிக்சல். மீனின்ர செதிலை எண்ணலாம்."

"செதிலை எண்ணி ஆர் மீன் வாங்கினது? கிலோவிலதானே போகுது."

"அந்தக் காசுக்கு ஒரு எஞ்சின் எடுக்கலாமடி," என்றான் முத்தன்.

"எடுத்து எங்க பூட்டுறது? கதிரையிலயோ?"

முத்தனுக்குச் சொந்தமாக வள்ளம் இல்லை. 

அடுத்த நாள் தாயும் மகளும் திருகோணமலைப் பட்டினத்தில் அன்ஸார் என்பவரின் போன் கடைக்குப் போனார்கள். குளிர்ந்த கடை. கண்ணாடி மேசைக்குள் போன்கள் வெளிச்சத்தில் படுத்துக் கிடந்தன. குணமணி தன் பையிலிருந்து ஒரு பொதியை எடுத்து, கண்ணாடிக்கு மேல் வைத்துப் பிரித்தாள். அன்று காலை பிடித்த இரண்டு விளைமீன்கள்.

"தங்கச்சி, இதென்ன?" என்றார் அன்ஸார்.

"மீன்."

"மீன் எண்டு விளங்குது. ஏன் என்ட மேசையில?"

"நான் எடுக்கிறது மீன் படம், அன்ஸார் நானா. மீனை வைச்சுத்தானே பார்க்கோணும். கோழியை வைச்சோ பார்க்கிறது?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கிருசாந்தினி வேறு யாருடைய மகளோ போல வாசல் பக்கம் தள்ளி நின்றாள். அன்ஸார் பழைய பேப்பரை விரித்து மீனை அதில் ஏற்றினார். குணமணி மூன்று போன்களால் மாறி மாறிப் படம் எடுத்தாள். ஒவ்வொரு படத்தையும் மீனுக்குப் பக்கத்தில் பிடித்து, குனிந்து, கண்ணோடு கண் ஒப்பிட்டாள். முதலாவதில் மீன் நீலம் பாய்ந்திருந்தது. இரண்டாவதில் நிழலடித்தது. மூன்றாவதில், எல்லாவற்றிலும் விலை கூடியதில், மீன் பேப்பரில் கிடந்ததைப் போலவே படத்திலும் கிடந்தது. அந்தப் போனை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். பாரம் இருந்தது. பாரமான மீனில் சதை இருக்கும் என்பது அவள் கண்ட அனுபவம்.

"இது ஐஸுக்குள்ள விழுந்தால்?"

"தண்ணிக்குள்ள விழுந்தாலே ஒண்டும் ஆகாது. ஐஸும் தண்ணிதானே."

"இதைத் தாங்கோ."

இத்தனை வருடத்தில் இப்படிப் பார்த்து வாங்கிய ஆளை நான் காணவில்லை என்று அன்ஸார் சொன்னார். அது உண்மைதான். ஆனால் குணமணி சோதித்தது நல்ல மீனை. நல்ல மீனை நல்லதாகக் காட்ட ஒரு போனுக்குப் பெரிய கெட்டித்தனம் வேண்டியதில்லை என்பது, நாள் முழுக்க மீனோடு கிடக்கும் அவளுக்கே அன்று தோன்றவில்லை.

புதுப் போனோடு வாழ்வது எளிதாக இருக்கவில்லை. அது கைரேகையைக் கேட்டது. உப்பிலும் ஐஸிலும் ஊறிய குணமணியின் விரலை அதற்கு அடையாளம் தெரியவில்லை. மகளின் விரலைப் பதிந்தார்கள்; போன் அவளை உடனே ஏற்றுக்கொண்டது. முகத்தைக் காட்டினால் திறக்கும் என்றாள் கிருசாந்தினி. காட்டினாள். கரையில் குணமணி தலையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றபோது, நீ யார் என்பது போல அது பார்த்தது. கடைசியில் நாலு இலக்கம் போட்டுத் திறந்தாள், பழைய போனைப் போலவே. கண்ணாடி உடையாமல் மேலே இன்னொரு கண்ணாடி, அதற்கு ஒரு உறை, உறைக்கு மேல் ஒரு பொலித்தீன் பை. கடையில் மெல்லியதாக இருந்த போன் இப்போது பேக்கரிப் பாண் துண்டின் தடிப்பில் இருந்தது.

கரையிலும் மரியாதை கூடியது. "போனைப் பார்த்தால் குணமணி முதலாளிதான்," என்று சொல்லி வலைக்காரர்கள் கிலோவுக்கு இருபது ரூபாய் ஏற்றிச் சொன்னார்கள்.

ஆனால் வியாபாரம் நன்றாக நடந்தது. மிக நன்றாகவே நடந்தது. முன்பு நாலு மீன் படத்தில் ஒன்றையாவது தள்ளிவிடும் ஸஜ்ஜாத், இப்போது நாலையும் எடுத்தார். கொட்பே மீனையும் எடுத்தார். முந்தின நாள் மிஞ்சி ஐஸில் கிடந்த கலவாய் மீனைக்கூட, சும்மா படம் எடுத்து அனுப்பிப் பார்த்தாள். "அனுப்புங்கக்கா" என்று பதில் வந்தது. அவர் பார்த்துத்தானே எடுக்கிறார் என்று குணமணி நினைத்தாள். போன் வந்த ராசி என்று முத்தனிடம் சொன்னாள். அவனுக்கு எஞ்சின் ஞாபகம் வந்தது.

மூன்றாவது கிழமை ஒரு பெட்டி திரும்பி வந்தது. அடுத்த நாள் இன்னொன்று. செவ்வாய்க்கிழமை ஸஜ்ஜாத்தே அழைத்தார்.

"என்னக்கா இது? படத்துல ஒரு மீன், பொட்டிக்குள்ள வேற மீன்."

"அதே மீன்தான் தம்பி."

"மூணு வருஷமா உங்கள ஒரு கேள்வி கேட்டிருக்கனா? மனேஜர் எனக்கு ஏசுறார். வெள்ளிக்கிழமையோட உங்கட ஓடரை நிப்பாட்டி, வேற ஆளப் பாக்கச் சொல்லிட்டார்."

குணமணி பலகையில் உட்கார்ந்துவிட்டாள். ஹோட்டல் போனால் வீட்டுச் செலவுக்கு வழியில்லாமல் போகும். அது ஒரு பக்கம். மீனை மாற்றிக் கொடுத்தவள் என்ற பெயர் நிலாவெளி வீதி முழுக்கப் போய்விடும். அதற்குப் பிறகு எந்த வாசலில் போய் நின்று எந்தச் செவுளைத் தூக்கிக் காட்டுவது?

அதே மீன் என்று அவளுக்குத் தெரியும். அப்படியானால் வழியில்தான் மாறியிருக்க வேண்டும். நிசாந்தைக் கூப்பிட்டாள்.

"உண்மையைச் சொல்லு. பெட்டியை எங்கயாவது திறக்கிறியோ?"

"ஏன் மாமி?"

"மீன் மாறுது."

நிசாந்துக்கு முகம் சிவந்துவிட்டது. "மீனை மாத்திறது எண்டால் என்னட்ட வேற மீன் இருக்கோணுமெல்லோ? நான் ஓட்டோ ஓடுறனான் மாமி, வலை இழுக்கேல்ல." வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அன்று பின்னேரம் முழுக்க அவன் அவளுடைய அழைப்பை எடுக்கவில்லை.

புதன்கிழமை மீனுக்குப் போகக் குணமணிக்கு மனம் வரவில்லை. கருவாட்டுக்கென்று வைத்திருந்த ஒரு பாரையை முற்றத்துப் பலகையில் போட்டு வெட்டத் தொடங்கப் போனாள். இரண்டு நாள் மீன். கண் குழிந்து வெண்மை படர்ந்திருந்தது. செவுள் பழைய செங்கல்லின் நிறத்தில் இருந்தது. கிருசாந்தினி போனைத் துடைத்துக்கொண்டு வந்தவள், சும்மா ஒரு படம் எடுத்துப் பார்த்தாள்.

"நல்ல மீனை ஏன் அம்மா கருவாட்டுக்கு வெட்டுறியள்?"

"எது நல்ல மீன்?"

மகள் திரையைக் காட்டினாள். படத்தில் பாரையின் கண் தெளிவாக மின்னியது. செவுள் செக்கச்செவேலென்று இருந்தது. முதுகில் வெள்ளி ஓடியது. குணமணி படத்தைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். பலகையில் ஈ மொய்த்தது. படத்தில் ஈயைக்கூடக் காணவில்லை.

"இதார் செய்தது?"

"போன்தான். மங்கலா இருந்தால் அது தானாகத் திருத்தும். என்ர முகத்தில பருவும் வராது, பாருங்கோவன். அதுக்குத்தானே அம்மா அவ்வளவு விலை."

"நிப்பாட்ட ஏலாதோ?"

கிருசாந்தினி திரையில் எதையெதையோ அமத்தினாள். திரும்ப எடுத்தாள். செவுளின் சிவப்பு கொஞ்சம் இறங்கியது. கண் அப்படியே மின்னியது. "இவ்வளவுதான் ஏலும்," என்றாள்.

தான் மூன்று கிழமையாக ஸஜ்ஜாத்துக்கு அனுப்பியது எதை என்று குணமணிக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் பார்த்து எடுத்தார் என்று தான் பேசாமல் இருந்ததும் விளங்கியது. கலவாயை நினைத்தபோது மட்டும் அவளுக்கு யார்மீது கோபப்படுவது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை பாரையைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு நிசாந்தின் வீட்டுக்குப் போனாள். "நான் பிழையாக் கதைச்சிட்டன். வா, ஹோட்டலுக்குப் போகோணும்," என்றாள். அவள் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்ததே அவனுக்குப் போதுமாக இருந்தது. மீன் நாற்றத்துக்காகப் பாதை முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டினான்.

ஹோட்டலின் பின்வாசலில் ஸஜ்ஜாத் வெளியே வந்தார். வந்த வேகத்தில் பின்னுக்குப் போனார். "என்னக்கா, சீ! இதையும் எனக்கா கொண்டு வந்த?"

குணமணி பொலித்தீனைப் பிரித்தாள். மீனைச் சீமெந்துத் தரையில் வைத்தாள். போனை எடுத்தாள். அவர் கண் முன்னாலேயே படம் எடுத்து, போனை அவர் கையில் கொடுத்தாள்.

ஸஜ்ஜாத் படத்தைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். குனிந்து செவுளைத் தானே தூக்கிப் பார்த்து, திரும்பவும் படத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். "யா அல்லாஹ்! மௌத்தான மீனுக்கு உசிர் குடுக்குதே அக்கா இது!" உள்ளேயிருந்து இரண்டு பேர் ஓடி வந்து பார்த்தார்கள். அவர்களுடைய சிரிப்புக்கு மனேஜர் சுகிர்தனும் வந்தார். பட்டினத்துப் பிள்ளை, காற்சட்டை மடிப்புக் குலையாதவர். அவர் மீனைப் பார்க்கவே இல்லை. போனை வாங்கிப் படத்தை விரலால் பெரிதாக்கினார்.

"இந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கோ அம்மா. எங்கட ஹோட்டலின்ர இணையப் பக்கத்தில போடலாம்."

"அது முந்தாநாளைக்கு முதல்நாள் மீன் தம்பி."

"படத்தில நாத்தம் வராதே அம்மா."

அன்றே அந்தப் பாரை, இன்று காலை கடலிலிருந்து வந்தது என்ற எழுத்தோடு ஹோட்டலின் இணையப் பக்கத்தில் ஏறியது. உண்மையில் அதைப் பின்வாசல் பூனை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போயிருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு ஸஜ்ஜாத் வேறு பாரையைப் பொரித்துக் கொடுத்தார்.

குணமணி மீனை மாற்றவில்லை என்று மனேஜர் ஒத்துக்கொண்டார். ஆனால் கலவாயை ஸஜ்ஜாத் மறக்கவில்லை.

"போன் பொய் சொல்லிச்சு, சரி. நீங்க மீனைக் கண்ணால கண்டீங்கதானே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

குணமணி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "ஓம் தம்பி," என்றாள்.

"இனிப் படம் வேணாம். நீங்களே கொண்டு வாங்க. நான் பாத்து எடுக்கிறன்."

இப்போது அவள் தினமும் ஏழு மணிக்கு முன்பே நிசாந்தின் ஓட்டோவில் பெட்டியோடு அந்தப் பின்வாசலுக்குப் போகிறாள். ஸஜ்ஜாத் ஒவ்வொரு மீனாகத் தொட்டுப் பார்த்து எடுக்கிறார். பிடிக்காததைத் திருப்பிக் கொடுக்கிறார். பஸ் ஏறி அன்புவழிபுரத்துக்குப் போய்ச் சேர ஒன்பதரை ஆகிறது. அங்கே பாதி வீடுகள், அவளுக்கு முன்பே சைக்கிளில் வரும் மீன்காரரிடம் வாங்கப் பழகிவிட்டன. ஹோட்டல் ஓடர் மட்டும் கைவிட்டுப் போகவில்லை. மனேஜர் கேட்கும் நாட்களில் கிருசாந்தினி மீன் படம் எடுத்து அனுப்புகிறாள். மற்ற நேரமும் போன் அவளிடம்தான் இருக்கிறது. அது வாங்கிய நாளில் இருந்ததைப் போலவே நன்றாக வேலை செய்கிறது.