சாக்ஸில் பிறந்த மேனேஜர்

தண்ணீர் மீட்டர் அலுவலகத்தில் புகார் வாங்கும் இரண்டாவது ஜன்னலில் உட்கார்ந்திருந்த பெண்ணை எல்லோரும் பட்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் கைப்பையில் எப்போதும் பத்துப் பதினைந்து பட்டன்கள் கிடக்கும். யார் சட்டையிலாவது ஒன்று அறுந்து தொங்கினால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. மீட்டர் ஓடவில்லை என்று கத்திக்கொண்டு வந்த ஒருவர், காலர் பட்டன் தைக்கப்பட்டுச் சாந்தமாகத் திரும்பிப் போனார். மீட்டர் ஓடாதது வீட்டுக்குப் போன பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

மகள் பிறந்ததும் பட்டனுக்கு ஒரு வைராக்கியம் பிடித்துக்கொண்டது. குழந்தைக்கு வேண்டியது எதையும் கடையில் வாங்குவதில்லை, எல்லாம் வீட்டிலேயே. பால் வண்டி ஓட்டும் கணவன், அசதியில் கண்ணை மூடியபடி, "சரி" என்றான். யோசித்துச் சொன்னதல்ல அது. அவள் காய்ச்சிய சோப்பு நுரைக்கவில்லை. கைதவறிக் கீழே விழுந்து தரைக்கல்லை உடைத்தது. முதல் ரொட்டியை அறுக்க அவன் பக்கத்துத் தச்சரிடம் ரம்பம் கடன் வாங்கினான். குழந்தைக்குத் தைத்த முதல் கவுனில் கை நுழைக்க மூன்று வழிகள் இருந்தன.

ஆனாலும் விடுகிற ஆள் இல்லை அவள். மகளுக்கு மூன்று வயதானபோது ரொட்டி பஞ்சு மாதிரி வந்தது. ஜாம்தான் கொஞ்சம் ஓடும். கவுனுக்கும் மனிதர்களுக்கு உள்ள மாதிரி இரண்டே கைகள்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் குழந்தை பொம்மை கேட்டது. ஜோடி தொலைந்த பழுப்புநிற சாக்ஸ் ஒன்று கணவனுடையது கிடந்தது. அதற்குள் பழைய தலையணைப் பஞ்சைத் திணித்தாள். கண்ணுக்கு இரண்டு பட்டன் வைத்தாள். பெட்டியில் ஒரே அளவில் இரண்டு அகப்படாததால் இடதுகண் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. வாயைத் தைக்கும்போது குழந்தை முழங்கையைப் பிடித்து இழுத்தது. வாய் வலப்பக்கம் கோணிக்கொண்டது. மீந்த துணியில் இரண்டு காதுகளை வெட்டித் தைத்தாள். குழந்தை பொம்மையை வாங்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் எழுந்து வந்த கணவன் பொம்மையைப் பார்த்தான். தள்ளி நின்று ஒருமுறை பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"இது உங்க மேனேஜர் இல்ல?"

"சும்மா இருங்க. பொம்மைங்க அது."

"உங்க ஆபீஸ் விழாவுல என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரே, அதே மூஞ்சி. இந்தக் கண்ணு, இந்த வாய்..."

சொன்ன பிறகு அவளுக்கும் தெரிந்துவிட்டது. அந்த மேனேஜர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. விடுப்புக் கடிதத்தைக் கையில் வாங்கினால் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதுக்கு?" என்ற ஒரே வார்த்தையில் ஆளை இருக்கைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்.

குழந்தை குளிக்கும் நேரம் பார்த்துப் பொம்மையின் வாயைப் பிரித்து நேராகத் தைத்தாள். இப்போது அது கோபத்தில் இருக்கிற மேனேஜர் ஆகிவிட்டது. பழையபடி கோணலாகவே மாற்றினாள். முடி இருந்தால் அடையாளம் தெரியாது என்று கறுப்புக் கம்பளி நூலில் நெற்றிவரைக்கும் முடி வைத்தாள். மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போனால், பத்து வருடமாக வழுக்கையோடு இருந்த மேனேஜர் நெற்றிவரைக்கும் புதுமுடி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பிறகு பொம்மைமேல் ஊசி வைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

குழந்தை பொம்மைக்கு என்ன பெயர் வைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அப்பா அம்மா பேசியதை அது கேட்டுக்கொண்டுதானே இருந்தது.

ஒரு புதன்கிழமை குழந்தைகள் காப்பகம் பூட்டியிருந்தது. கணவன் வண்டியில் இருந்தான். வேறு வழியில்லாமல் மகளை அலுவலகத்துக்கே அழைத்துப்போய் ஜன்னலுக்குக் கீழே உட்கார வைத்தாள். பொம்மையைச் சாப்பாட்டுப் பையின் அடியில் ஒளித்திருந்தாள். பதினொரு மணிக்குக் குழந்தை எழுந்து நின்று, அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி அழுதது.

"அம்மா! மேனேஜருக்கு மூச்சு முட்டும்! வெளிய எடு!"

மேனேஜர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார்.

பட்டன் பையைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினாள். குழந்தையே பையைக் கவிழ்த்துப் பொம்மையை எடுத்தது. மேனேஜர் குனிந்து பார்த்தார். கையில் வாங்கினார். அதோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முதல் ஜன்னலில் இருந்த அண்ணன் அவளைப் பார்த்த பார்வை, வேலை போனவர்களைப் பார்க்கிற பார்வை.

ஏழெட்டு நிமிடம் கழித்துக் கதவு திறந்தது.

"ஏம்மா."

"சார்."

"காது கொஞ்சம் பெருசா இருக்கு."

அவள் ஊசி நூலை எடுத்தாள். வரிசையில் நின்ற பதினோரு புகார்தாரர்களும் எட்டிப்பார்க்க, ஜன்னலிலேயே வைத்துக் காதுகளைப் பிரித்துச் சின்னதாக்கினாள். மேனேஜர் கைபேசியில் தன் முகத்தைப் பக்கவாட்டில் படமெடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். வரிசையில் மூன்றாவதாக நின்ற பெரியவர், "இடது காது இன்னும் ஒரு நூல் குறைக்கலாம்" என்றார். குறைத்தாள்.

"சட்டை இல்லாம இருக்கேம்மா," என்றார் மேனேஜர் சங்கடத்தோடு.

மறுநாள் தன் பழைய கோடுபோட்ட சட்டை ஒன்றை அயர்ன் செய்து கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை, அதை வெட்டிப் பொம்மைக்குத் தைத்த சட்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வீட்டுக்கே வந்துவிட்டார். குழந்தை கதவருகே தடுத்து நிறுத்தியது.

"மேனேஜர் தூங்குறார். உக்காருங்க."

ஒன்றேகால் மணிநேரம் காத்திருந்தார். ரொட்டியும் ஜாமும் கொடுத்தாள் பட்டன். ஜாம் முழங்கைவரைக்கும் வழிந்ததை அவர் கவனிக்கவில்லை. பொம்மை எழுந்ததும் குழந்தை அதைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னது: "அம்மாவுக்கு நாளைக்கு லீவாம்."

"எதுக்காம்?" என்றார் பழக்கத்தில்.

குழந்தை மறுபடி காதில் வைத்துக் கேட்டது. "சொல்ல மாட்டாராம்."

மேனேஜர் யோசித்தார். "அவரே சொன்னா சரிதான்," என்று தலையாட்டினார்.

விஷயம் திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முதல் ஜன்னல் அண்ணன் தன் விடுப்புக் கடிதத்தோடு வந்தார். அதற்கு அடுத்த ஞாயிறு டைப்பிஸ்ட் அக்கா, ஃபைல் பார்க்கிறவர், மீட்டர் படிக்கிற மூன்று பேர். எல்லோரும் முன்னறையில் முட்டியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பார்கள். மேனேஜரும் அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்திருப்பார். குழந்தை பொம்மையோடு ஆலோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லும்; மேனேஜர் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடுவார். டைப்பிஸ்ட் அக்கா தங்கை கல்யாணத்துக்கு மூன்று நாள் கேட்டாள், ஒன்பது நாள் கிடைத்தது. முதல் ஜன்னல் அண்ணன் உண்மையான காய்ச்சலுக்குக் கேட்டார், கிடைக்கவில்லை. "நல்லாத்தானே இருக்கீங்க" என்றதாம் பொம்மை. இருமிக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

வந்தவர்களைப் பசியோடு அனுப்ப பட்டனுக்கு மனசு வராது. சனிக்கிழமையே மாவு பிசைந்து நான்கு ரொட்டி சுடத் தொடங்கினாள். பொம்மை சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் வாய் வைக்கலாம் என்பது குழந்தையின் சட்டம். பொம்மை நிதானமாகச் சாப்பிடும். பன்னிரண்டு பேர் கையில் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு அதன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"நம்ம வீடு ஆபீஸா, ஆபீஸ் நம்ம வீடா? ஒண்ணு சொல்லிடு, அதுக்குத் தக்க பேண்ட் போட்டுக்கறேன்," என்றான் கணவன். அவன் மூன்று வாரமாகச் சமையலறையில் ஒளிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தானே போகுது, விடுங்க," என்றாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. தான் செய்ததை இத்தனை பேர் இத்தனை பொறுமையாகக் காத்திருந்து சாப்பிட்டு அவள் பார்த்ததே இல்லை.

நான்காவது மாதம் மாற்றல் உத்தரவு வந்தது. மேனேஜர் இரண்டு வாரத்தில் வேறு ஊர்க் கிளைக்குப் போக வேண்டும். ஃபைல் பார்க்கிறவர் உத்தரவைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"மேனேஜரை மாத்தியிருக்குன்னுதான் போட்டிருக்கு. எந்த மேனேஜர்னு போடலியே?"

இதைப் பற்றி அரைநாள் வாதம் நடந்தது. கடைசியில், பொம்மை எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லை என்று டைப்பிஸ்ட் அக்கா எடுத்துக்காட்டிய பிறகுதான் தீர்ந்தது.

அன்று மாலை மேனேஜர் தனியாக வீட்டுக்கு வந்தார்.

"பாப்பா, நான் வேற ஊருக்குப் போறேன். இவரையும் கூட்டிட்டுப் போகட்டுமா?"

குழந்தை பொம்மையைக் காதில் வைத்துக் கேட்டது. வெகுநேரம் கேட்டது.

"நீங்க மட்டும் போவீங்களாம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒட்டின முடி லேசாக விலகியது. பட்டனுக்குப் பொறுக்கவில்லை.

"சார், வேற ஒண்ணு தைச்சுத் தர்றேன். அப்படியே உங்கள மாதிரி."

வாக்குக் கொடுத்துவிட்டாள், முகம் வரவேண்டுமே. கணவனிடம் மிச்சமிருந்த சாக்ஸ் எல்லாவற்றையும் அந்த வாரத்தில் தீர்த்தாள். அவன் வெறுங்காலில் ஷூ போட்டு வண்டி ஓட்டினான். அதே அளவுப் பட்டன், அதே நூல், முழங்கையைப் பிடித்து இழுக்க அதே குழந்தை. முதலில் தைத்தது அச்சு அசலாக நாத்தனார். கணவன் அதைப் பார்த்ததும் ஓடிப்போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டான். இன்னொன்று முதல் ஜன்னல் அண்ணன், காய்ச்சலோடு. ஒன்றில் அவளே உட்கார்ந்திருந்தாள், தூக்கமில்லாத கண்ணோடு. ஏழாவதற்கு நூல் பற்றாமல் வாயின் இரு முனையும் மேலே ஏறிக்கொண்டது. அது யார் மாதிரியும் இல்லை.

கிளம்புகிற நாள் காலை மேனேஜர் பெட்டியோடு வந்து நின்றார். அவள் ஏழையும் மேஜைமேல் வரிசையாக வைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மன்னிச்சிடுங்க சார். எதுவும் உங்கள மாதிரி வரல."

அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஏழாவதைக் கையில் வைத்துக்கொண்டார்.

"இது நான்தாம்மா," என்றார். "நான் சிரிக்கிறப்போ."

மறுத்துப் பேச அந்த அறையில் யாருக்கும் ஆதாரம் இல்லை. குழந்தை மட்டும் பொம்மையை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தது.

"இவர் ஒரு மணிக்குத் தூங்கணும். எழுப்பக் கூடாது."

அவர் டைரியை எடுத்துக் குறித்துக்கொண்டார். பொம்மையைச் சட்டைப் பையில் தலை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்.

அந்த வாரமே புது மேனேஜர் வந்தார். விடுப்புக்குக் கணினியில் படிவம் போட்டுவிட்டார். ஆனாலும் சனிக்கிழமை வந்ததும் பட்டனின் கை தானாக நான்கு ரொட்டிக்கு மாவு பிசைந்தது. ஞாயிறு பத்து மணிக்கு முன்னறை காலியாகக் கிடந்தது. அவள் வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தாள்.

"யார் வர்றா?" என்றான் கணவன்.

"யாரும் இல்லைங்க."

அவன் ரொட்டிகளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறிப்போய், நான்கு வருடமாக ஒரு வார்த்தை பேசியிராத மேல்வீட்டுக் கதவைத் தட்டினான். அங்கே இருந்தது ஒரு கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். என்ன ஏது என்று புரியாமலே இறங்கி வந்து முன்னறையில் உட்கார்ந்தார்கள்.

"எல்லாம் நீங்களே செஞ்சதா?" என்று கேட்டாள் மேல்வீட்டுப் பெண்.

"ஆமாங்க," என்றாள் பட்டன். "தட்டை மட்டும் சாய்க்காதீங்க. ஜாம் ஓடிரும்."